எரிந்த மோட்டாருக்கு மறுபடியும் காயில் கட்டுவதா, புதியது வாங்குவதா? எந்தக் கொள்கை இந்த வழக்கத்தை மாற்றும்?

நூல்முனை (கேள்வி)

பல்லடம் பக்கம் உள்ள சிறு நூற்பாலைகள் சில சேர்ந்து, மின்செலவைக் குறைப்பது தொடர்பாக அரசுக்கு ஒரு கோரிக்கை மனு தயாரித்து வருகிறோம். அதில் பழைய மோட்டார்களை மாற்றுவது குறித்த பகுதியை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதுவதற்கு முன் எங்கள் ஆலையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம் என்று நோட்டும் டார்ச்சுமாகக் கிளம்பினேன். சிறிதும் பெரிதுமாக 112 மோட்டார்கள் இருந்தன. அவற்றில் 47 மோட்டார்களின் நேம் பிளேட்டைப் படிக்க முடியவில்லை. ஒவ்வோர் ஆயுதபூசைக்கும் அடித்த பச்சைப் பெயின்ட் அடுக்கடுக்காக ஏறி எழுத்தை மூடிவிட்டது. படிக்க முடிந்தவற்றுள் மிகப் பழையது 1989-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஆலைக் காற்றில் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் 20 ஹெச்.பி. விசிறி மோட்டாராக அது இன்றும் இரவும் பகலும் ஓடுகிறது. அதற்கு எத்தனை முறை காயில் கட்டியிருக்கிறார்கள் என்று ஃபிட்டரிடம் கேட்டேன். "நான் பார்க்க நான்கு முறை" என்றார். அவர் வேலைக்குச் சேர்ந்தது 2006-இல்.

இனி என் கேள்வி. மின் மோட்டார்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2017-இல் வந்து, ஐ.எஸ். 12615 தரத்தின்படி ஐ.இ.2 வகுப்பைக் (ஐ.இ. என்பது மோட்டாரின் திறன் வகுப்பு; எண் கூடக் கூடத் திறன் கூடும்) கீழ்வரம்பாக்கியது. அதற்கும் கீழான மோட்டாரைப் புதிதாக விற்கக் கூடாது என்று ஆகி இத்தனை ஆண்டுகள் கழிந்தும், எங்கள் ஷெட்டுக்குள் நிலைமை அப்படியே இருக்கிறது. மாற்றத்தை விரைவுபடுத்த மனுவில் எதைக் கேட்பது? மானியத்தையா, குறைந்த வட்டிக் கடனையா, அரசே மொத்தமாக வாங்கி விற்பதையா, அல்லது சில நண்பர்கள் சொல்வது போல ரீவைண்டிங்கையே, அதாவது எரிந்த காயிலை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி கட்டுவதையே, தடை செய்வதையா? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

டாங் டெஸ்டர் (மறுமொழி 1)

நான் ஆற்றல் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். உங்கள் 1989 மோட்டாரையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

20 ஹெச்.பி. என்றால் 15 கிலோவாட். நான்கு துருவ மோட்டாருக்கு அந்த அளவில் ஐ.இ.1 வகுப்பின் திறன் 88.7 விழுக்காடு, ஐ.இ.2 என்றால் 90.6, ஐ.இ.3 என்றால் 92.1, ஐ.இ.4 என்றால் 93.9. உங்களுடையது ஐ.இ.1 தரத்தில் பிறந்தது என்றும், பலமுறை காயில் கட்டியதில் இரண்டு புள்ளி இழந்திருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால் இப்போதைய திறன் 86.7. முக்கால் சுமையில் ஓடினால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 12.98 கிலோவாட், அதே வேலையை ஐ.இ.3 மோட்டார் 12.21 கிலோவாட்டில் முடித்துவிடும். வித்தியாசம் முக்கால் கிலோவாட்தான். ஆனால் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது ஆறாயிரம் யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று கொண்டால் 48,000 ரூபாய். மோட்டார் விலை 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இதே மோட்டார் ஒரு ஷிஃப்ட் மட்டும், ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடும் பட்டறையில் இருந்தால் ஆறேழு ஆண்டு ஆகும். அதனால்தான் "பழைய மோட்டார் எல்லாவற்றையும் மாற்று" என்ற ஒற்றைக் கட்டளையை நான் எங்கும் எழுதுவதில்லை. மோட்டாரின் வயதைக் காட்டிலும் அது ஓடும் மணி நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

இன்னொரு கணக்கும் உண்டு, முதலாளிகளிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான். அந்தப் புதிய மோட்டார்கூட ஒரு நாளைக்கு 2,300 ரூபாய்க்கு மேல் மின்சாரம் குடிக்கும்; அதாவது ஏறக்குறைய 35 நாளில் தன் விலைக்குச் சமமான மின்சாரத்தைத் தின்றுவிடும். அப்படியிருந்தும் வாங்கும்போது விலைக்குத்தான் பேரம் நடக்கிறது, திறனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. காரணம், பெரும்பாலான ஆலைகளில் மோட்டார் வாங்கும் பணம் பராமரிப்புக் கணக்கிலிருந்து போகிறது, இ.பி. பில் வேறு கணக்கில் போகிறது. பராமரிப்பு மேலாளர் மிச்சம் பிடித்துக் காட்ட வேண்டியது பராமரிப்புக் கணக்கில்தான். மின்சாரம் அதிகம் போனால் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனாலும் மோட்டார் மாற்றம் தானாக நிகழாமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

சட்டம் ஏன் உங்கள் ஷெட்டுக்குள் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான நாடுகளிலும் அது உள்ளே வந்ததில்லை. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மோட்டார் விதிகள் 1997-இல் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஐ.இ.2-வில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2021 ஜூலையில் பெரும்பாலான அளவுகளுக்கு ஐ.இ.3 என்றும், 2023 ஜூலையில் 75 முதல் 200 கிலோவாட் வரை ஐ.இ.4 என்றும் விதித்தது. சீனா 2021 ஜூனில் ஐ.இ.3-ஐக் கீழ்வரம்பாக்கியது. இவை எல்லாமே கடைக்கு வரும் புதிய மோட்டாரைப் பற்றியவை; ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை இவை தொடுவதில்லை. சுவிட்சர்லாந்தில் 'ஈஸி' என்ற திட்டத்தின் கீழ் 18 தொழிற்சாலைகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மோட்டார்களை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை தம் ஆயுட்காலத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருப்பது தெரியவந்தது. அவ்வளவு பணக்கார நாட்டிலேயே அப்படி என்றால் பல்லடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் நாட்டில் ஓடும் இயந்திரங்களைத் தொடும் திட்டம் என்றால் 2012-இல் தொடங்கிய 'பாட்' திட்டத்தைச் சொல்லலாம். முதல் சுற்றில் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 பெரிய ஆலைகளுக்கு ஆற்றல் குறைப்பு இலக்கு தரப்பட்டது. இலக்கைத் தாண்டிச் சேமித்தவர் அதைச் சான்றிதழாக விற்கலாம், தவறியவர் வாங்க வேண்டும். துணித் துறையில் ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றலைச் செலவிடும் ஆலைகள்தான் அதில் சேரும். உங்களைப் போன்ற சிறு ஆலை அந்தக் கணக்குக்குள் வராது.

செம்புக்கம்பி (மறுமொழி 2)

ரீவைண்டிங்கைத் தடை செய்யலாமா என்று கேட்டிருப்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கோவையில் 28 ஆண்டுகளாக வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலின் குறையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு என் நியாயத்தைக் கேளுங்கள்.

காயில் எரிந்து வரும் ஸ்டேட்டரிலிருந்து (மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதி) பழைய கம்பியை எடுப்பது சுலபமல்ல. வார்னிஷ் இறுகி, கம்பி காடிக்குள் கல்லாக ஒட்டியிருக்கும். பல பட்டறைகளில் இதற்குக் கைவசம் உள்ள வழி, ஸ்டேட்டரை வெட்டவெளியில் வைத்து மண்ணெண்ணெயோ பழைய ஆயிலோ ஊற்றிக் கொளுத்துவதுதான். அரை மணியில் கம்பி கையோடு வந்துவிடும். ஆனால் அந்தத் தீக்கு அளவு கிடையாது. ஸ்டேட்டர் என்பது ஒரே கட்டி இரும்பன்று. மெல்லிய தகடுகளை அடுக்கி, தகட்டுக்குத் தகடு மின்சாரம் பாயாதபடி மேற்பூச்சுப் பூசிச் செய்தது. சூடு 370 டிகிரியை வெகுவாகத் தாண்டினால் அந்தப் பூச்சு கருகும். அதன்பின் இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடி, மோட்டார் சும்மா சுற்றும்போதே சூடாகும். வாடிக்கையாளரோ "நேற்றுதான் கட்டினோம், அதற்குள் கை வைக்க முடியவில்லையே" என்பார். கம்பியிலும் தவறு நடக்கும். அதே கேஜ் கையிருப்பில் இல்லை என்று மெல்லிய கம்பியைப் போடுவார்கள். காடி நிறையவில்லை என்று யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

ஆனால் இது ரீவைண்டிங்கின் குற்றமா, அவசரத்தின் குற்றமா? அமெரிக்காவின் ஈ.ஏ.எஸ்.ஏ., பிரிட்டனின் ஏ.இ.எம்.டி. ஆகிய பழுதுபார்ப்போர் சங்கங்கள் சேர்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சூட்டைக் கட்டுப்படுத்தி, சரியான கம்பியைப் போட்டுக் கட்டினால் மோட்டாரின் திறன் குறைவதில்லை என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்குச் சூட்டுக் கட்டுப்பாடு உள்ள அடுப்பு வேண்டும். கம்பியை எடுப்பதற்கு முன்னும் பின்னும் இரும்பிழப்பை, அதாவது இரும்புக்குள் வீணாகும் மின்சாரத்தை, அளக்கும் கருவி வேண்டும். என் பட்டறையில் அடுப்பு இருக்கிறது, கடன் வாங்கிப் போட்டேன். பக்கத்துப் பட்டறைக்காரர் தீயில் கொளுத்தி என்னைவிட இரண்டாயிரம் ரூபாய் குறைவாக, ஒரு நாள் முன்னதாகத் தருகிறார். ஆலைக்காரர்கள் யாரிடம் போகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

தடை விதித்தால் பட்டறைகள் மூடப்படா, போர்டைக் கழற்றிவிட்டு உள்ளே வேலை நடக்கும். அதற்குப் பதிலாக வேறொன்றை யோசித்துப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் எந்த மோட்டார் எரிந்தாலும் அதை முதலில் பார்ப்பவர்கள் நாங்கள். எந்த ஆலையில் எந்த மோட்டார் எத்தனையாவது முறை வருகிறது என்பது எங்கள் பில் புத்தகத்தில் இருக்கிறது. அரசிடம் அந்தக் கணக்கு இல்லை. "இது மூன்றாம் முறை, இதற்குக் கட்டாதீர்கள், புதியது வாங்குங்கள்" என்று சொல்லும் பட்டறைக்காரனுக்கு இன்று என்ன கிடைக்கிறது? பதினாலாயிரம் ரூபாய் வேலை கைவிட்டுப் போவது மட்டும்தான். புதிய மோட்டார் விற்பனையில் அவனுக்கு ஒரு முறையான பங்கு தரும் ஏற்பாடு இருந்தால், ஊருக்கு ஊர் இலவசமாக முகவர்கள் கிடைத்துவிடுவார்கள்.

மூன்றாம் ஷிஃப்ட் (மறுமொழி 3)

பட்டறைக்காரர் அவசரத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மாற்றத் திட்டங்கள் எங்கே சறுக்குகின்றன என்பதற்கு என் ஆலையில் நடந்ததை எழுதுகிறேன்.

தமிழக அரசின் சிறுதொழில் துறையில் 'பீஸ்' என்று ஒரு திட்டம் உண்டு. ஆற்றல் தணிக்கைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியையும், தணிக்கையாளர் பரிந்துரைத்த கருவிகளை வாங்கும் செலவில் ஒரு பகுதியையும் அரசு திருப்பித் தருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். தணிக்கை நடந்தது, அறிக்கை வந்தது, ஏழு மோட்டார்களை மாற்றலாம் என்று பரிந்துரை எழுதினார்கள். விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் இருந்தபோது, அந்த ஏழில் ஒன்று சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் புகைந்து நின்றது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவின் கழிவுப் பஞ்சை இழுக்கும் மோட்டார் அது. அது நின்றால் பிரிவே நிற்கும். அந்த நேரத்தில் 25 ஹெச்.பி. ஐ.இ.3 மோட்டார் எந்தக் கடையில் கிடைக்கும்? ஆர்டர் கொடுத்தால் மூன்று வாரம் என்றார்கள். வைண்டிங் பட்டறைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினோம். திங்கட்கிழமை காலை மோட்டார் ஓடியது. அப்படி நேரத்துக்கு உதவியவரை எப்படி நான் குறை சொல்வேன்?

திட்டம் போடுகிறவர்கள் ஆலைக்காரன் சாவகாசமாக உட்கார்ந்து, மூன்று கொட்டேஷன் வாங்கி, ஓடுகிற மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவான் என்று நினைக்கிறார்கள். ஓடுகிற மோட்டாரைக் கழற்ற யாருக்கும் மனம் வராது. எரிந்த அன்றைக்குத்தான் முடிவு எடுக்கப்படுகிறது, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். மேலே நண்பர் போட்ட கணக்கும் அன்றைக்கு மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். எப்படியும் காயிலுக்குப் பதினாலாயிரம் போகப் போகிறது. ஆகவே புதியதுக்கு ஆகும் கூடுதல் செலவு 66,000 மட்டுமே, திரும்பிவர பதினாறு மாதம் போதும். கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கையில் மோட்டார் இருப்பதில்லை.

மொத்தக் கொள்முதலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த இ.இ.எஸ்.எல். நிறுவனம் எல்.இ.டி. பல்பில் செய்து காட்டியதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 2014-இல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த பல்பின் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அதே நிறுவனம் தேசிய மோட்டார் மாற்றத் திட்டம் என்ற பெயரில் ஐ.இ.3 மோட்டார்களையும் மொத்தமாக வாங்கித் தர முன்வந்தது. ஆனால் பல்பு எந்த வீட்டு ஹோல்டரிலும் மாட்டும். மோட்டாரில் ஹெச்.பி. வேறு, துருவ எண்ணிக்கை வேறு, காலில் நிற்பதா ஃபிளாஞ்சில் தொங்குவதா என்பது வேறு, ஷாஃப்ட் உயரமும் தடிமனும் வேறு. போதாக்குறைக்கு மோட்டாரின் விலையில் பெரும்பங்கு செம்பும் இரும்பும்தான். எத்தனை லட்சம் வாங்கினாலும் அவற்றின் விலை பல்பைப் போல இறங்கிவிடாது.

டாங் டெஸ்டர் (மறுமொழி 4)

மூன்றாம் ஷிஃப்ட் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்; தணிக்கை அறிக்கை எழுதும்போது எங்களுக்கு அந்தச் சனிக்கிழமை இரவு கண்ணில் படுவதில்லை. மனு எழுதுபவர் இரண்டு செய்திகளை விட்டுவிடக் கூடாது என்பதற்காக மீண்டும் வருகிறேன்.

ஒன்று, கழற்றிய மோட்டார் எங்கே போகிறது என்பது. இன்று அது பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து "நல்ல கண்டிஷன்" என்று சொல்லி வேறொரு பட்டறைக்கோ மாவு மில்லுக்கோ விற்கப்படுகிறது. ஆலையில் மிச்சமான யூனிட் அங்கே செலவாகிறது. மானியம் கொடுத்த அரசுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆகவே மானியம் எதுவானாலும், பழைய மோட்டாரின் ஸ்டேட்டரை அறுத்து, உள்ளே சுழலும் ரோட்டாரின் ஷாஃப்டை வெட்டி, மறுபடியும் மோட்டாராகாதபடி செய்த பிறகே பணம் என்று இருக்க வேண்டும். செம்பும் தகடும் உருக்கப் போகட்டும், அதற்கு விலை உண்டு.

இரண்டாவது, பொறியாளர்களே சறுக்கும் இடம். திறன் கூடிய மோட்டாரில் ஸ்லிப் குறைவு; அதாவது சற்று வேகமாகச் சுற்றும். பழையது 1,445 சுற்றில் ஓடிய இடத்தில் புதியது 1,470 சுற்றில் ஓடினால், விசிறிக்கும் பம்புக்கும் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், ஐந்து விழுக்காடு கூடுதல் மின்சாரம் இழுக்கும். மேலே சொன்ன முக்கால் கிலோவாட் சேமிப்பில் 0.6 கிலோவாட்டுக்கு மேல் அப்படியே காற்றோடு போய்விடும். நான் நேரில் பார்த்திருக்கிறேன்: புது மோட்டார் பூட்டிய மறுமாதம் பில் குறையவில்லை என்று முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திட்டினார், மோட்டார்ப் பக்கத்துப் புல்லியை ஒரு சுற்று சிறியதாக மாற்றியபின்தான் மீட்டர் இறங்கியது. சில நூறு ரூபாய்ப் புல்லி. மோட்டாருக்கு மானியம் தரும் திட்டம் புல்லியையும் பெல்ட்டையும் அளவெடுத்துப் பொருத்தும் கூலியையும் சேர்த்துத் தர வேண்டும், பூட்டியபின் மின் இழுப்பை அளந்து காட்டவும் சொல்ல வேண்டும். புதிய மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டமும் அதிகம் என்பதால் பழைய பிரேக்கர் சில இடங்களில் டிரிப் ஆகும். அதுவும் செலவுக் கணக்கில் வர வேண்டியதே.

மானியத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில் சுவிட்சர்லாந்தின் 'புரோகிலோவாட்' முறை எனக்குப் பிடித்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே விழுக்காடு என்று கொடுப்பதில்லை. ஏலம் விடுகிறார்கள், ஒரு யூனிட் சேமிக்க யார் குறைந்த உதவித்தொகை கேட்கிறார்களோ அவர்களுக்கு முதலில் தருகிறார்கள். சிறு ஆலை தனியாக அதில் போட்டியிடுவது கடினம் என்றாலும், உங்களைப் போல ஒரு வட்டார ஆலைகள் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போடலாம். அதிக மணி நேரம் ஓடும் மோட்டார்கள் தாமாகவே வரிசையில் முன்னால் வந்துவிடும்.

நூல்முனை

அனைவருக்கும் நன்றி. நான் எழுத நினைத்திருந்த பத்தி, "பழைய மோட்டார்களை மாற்ற 50 விழுக்காடு மானியம் தர வேண்டும்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். அதை அடித்துவிட்டேன்.

இப்போது மனுவின் மையமாக நான் வைக்கப் போவது ஒரு மோட்டார் இருப்புக் கிடங்கு. இந்த வட்டாரத்தில் அதிகமாக எரியும் அளவுகளில் ஐ.இ.3 மோட்டார்களை அரசின் சுழல்நிதியில் வாங்கி, எங்கள் சங்கக் கட்டடத்திலேயே வைத்திருப்பது; எரிந்த இரவே எடுத்துப் போய்ப் பூட்டிக்கொள்ளலாம், பணத்தை இருபது மாதத் தவணையில், மிச்சமாகும் மின்சாரத்திலிருந்தே கட்டலாம். பழைய மோட்டாரை அறுத்த துண்டுகளைக் கிடங்கில் ஒப்படைத்தால்தான் மானியப் பகுதி கழியும். கிடங்கிலிருந்து மோட்டாரை எடுத்துக் கொடுப்பதும், புல்லி அளவெடுத்துப் பூட்டுவதும் வைண்டிங் பட்டறைக்காரர்களின் பொறுப்பாக இருக்கும், அதற்கு அவர்களுக்குக் கூலியும் விற்பனைப் பங்கும் உண்டு. சூட்டுக் கட்டுப்பாடு உள்ள அடுப்பு வாங்க அவர்களுக்குத் தனிக் கடன் கேட்கிறோம். குறைந்த நேரம் ஓடும் மோட்டார்களுக்கு நல்ல ரீவைண்டிங் தொடரட்டும். ரீவைண்டிங் தடை என்ற பேச்சு மனுவில் இருக்காது.

பயம் ஒன்று இருக்கிறது. ஆறு அளவுகளில் மூன்று மூன்று மோட்டார் வாங்கி வைத்து, எரிவது ஏழாவது அளவாக இருந்தால் கிடங்கு கேலிக்குரியதாகிவிடும். எனவே செம்புக்கம்பி அவர்களிடம் ஒரு வேண்டுகோள், ஐயா. உங்கள் பில் புத்தகத்திலிருந்து கடந்த மூன்று ஆண்டுகளில் நூற்பாலைகளிலிருந்து வந்த மோட்டார்களின் ஹெச்.பி., துருவ எண்ணிக்கை, ஃப்ரேம் அளவு ஆகியவற்றை மட்டும், ஆலைப் பெயர் இல்லாமல், குறித்துத் தர முடியுமா? நான் ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு பட்டறைக்கே வந்துவிடுகிறேன்.

செம்புக்கம்பி

வாருங்கள். மூன்று ஆண்டுப் புத்தகமும் எடுத்து வைக்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: நூற்பாலையிலிருந்து என்னிடம் அதிகம் வருவது 20 ஹெச்.பி. அல்ல, ஏழரையும் பத்தும்தான். பெரிய மோட்டார் அருகே பராமரிப்பு ஆள் எப்போதும் நிற்கிறார். கழிவுப் பஞ்சுக்குள் புதைந்து மூச்சு முட்டிக் கிடக்கும் சிறியவற்றை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.